தீர்மானம் எண் நான்கு

அயனிவிளை இரண்டாம் குறுக்குத் தெரு,
பதினாலு அடி அகலம்.
டேப்பைப் பிடித்தவர் டென்னிசன்,
மறுமுனையை மிதித்துக்கொண்டு நின்றவள் நான்.
சங்கத்தில் தமிழ் டைப்பிங் தெரிந்தது எனக்கு மட்டும்,
ஆகவே நான் செயலாளர்.

தக்கலைக்கு மழை வரப்போகும் ஒரு ஞாயிறு மாலை
தலைவர் ரெத்தினசுவாமியின் கார் ஷெட்டில் கூடினோம்.
பதினெட்டு நாற்காலி போட வேண்டும் என்பதால்
கார் வெளியே நின்றது, தெருவில்.
அதைக் குறிப்பில் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

'வணிக வாகனங்களை
இரவு பத்து முதல் காலை ஆறு வரை
இத்தெருவில் நிறுத்தக் கூடாது.'
வாசித்தேன்.
வணிகம்னா என்னது என்றாள் ஷைனி.
அவள் கொழுந்தனுக்குப் பந்தல் சாமான் ஏற்றும் டெம்போ உண்டு.
"கல்யாண வீட்டுக்குப் போற வண்டியாக்கும். அது எப்பிடி வணிகமாவும்?"
டெம்போ தவிர, என்று எழுதினேன்.

பள்ளிக்கூட வேன் வைத்திருக்கும் கிறிஸ்டல்ராஜ் எழுந்தார்.
"பிள்ளையள ஏத்துற வண்டிய
மீன் வண்டி கூடச் சேத்து எழுதுவீங்களோ?"
மீன் என்கிற சொல்
அப்போதுதான் ஷெட்டுக்குள் வந்தது.
வந்த பிறகு எல்லோருக்கும் வாடை அடித்தது.

வேன் தவிர.
ஆட்டோ தவிர, வயிற்றுப்பாடு.
ரப்பர் ஷீட் ஏற்றும் ஜீப் தவிர, அது தலைவருடையது.
சர்ச்சின் சவ வண்டியைப் பற்றி
பேச்சு வந்தபோது ஒருவரும் பேசவில்லை,
எல்லோருக்கும் ஒருநாள் அது வேண்டும்.
தண்ணீர் லாரி தவிர. சிலிண்டர் வண்டி தவிர.

எட்டரைக்குக் கரண்டு போய் வந்தபோது
என் தாளில் ஒரு விதியும் ஏழு தவிரவும் இருந்தன.
எல்லாம் கழித்துப் பார்த்தால்
மிஞ்சியது ஒரு வண்டி.
நீலப் பெட்டி, ஐஸ்தண்ணி சொட்டும் பின்கதவு,
கடைசி வீட்டு வாடகைக்காரன் சகாயவிஜின்.
வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது.
அந்தத் தாளும் போன வருடம் நான் அடித்ததுதான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.
அந்த வண்டி என் சன்னலுக்கு நேரே நிற்கும்.
ராத்திரி ரெண்டு மணிக்கு
மூன்று தடவை இருமிப் பிறகு பிடிக்கும்.
மகள் நிவிஷா பத்தாம் வகுப்புப் பரீட்சை முழுக்க
அந்த இருமலில் விழித்தாள்.
வெயில் ஏறினால் ஓடை நாறும்,
எங்கிருந்தோ பூனைகள் வரும்.
சனிக்கிழமைதோறும் அவனிடம்
காசு கொடுக்காமல் சாளை வாங்கியதும் நான்தான்.
கை கூப்பித் தீர்மானம் நிறைவேறியது.
என் கையும் அதில் உண்டு.

மறுநாள் மத்தியானம் நோட்டீஸ் முன்னால் நின்று
விரல் வைத்து வாசித்தான்.
ஏழாவது தவிரவில் விரல் நின்றது.
"எக்கா, இதுல மீன்னு எங்கயும் எழுதல்லியே?"
"இல்ல. பொதுவா எழுதியிருக்கு."
"நல்லாத்தான் எழுதியிருக்கு," என்றான்.
கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது வண்டியை
மெயின் ரோட்டில், பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் விடுகிறான்.
குளச்சலுக்கு ரெண்டு மணிக்குக் கிளம்ப
ஒன்றரைக்கே வீட்டிலிருந்து நடக்க வேண்டும்.
செல்போன் வெளிச்சம், ரப்பர் செருப்பு,
உடம்பில் கழுவிப் போகாத கடல்.
முதலில் டென்னிசன் வீட்டு நாய்.
பிறகு ஷைனி வீட்டு நாய்,
பிறகு யாருடையதும் அல்லாத நான்கு.
தெரு முழுக்க ஒன்றரைக்கு எழும்புகிறது,
முன்னைவிட அரை மணிக்கூர் முந்தி.

சன்னலுக்கு நேரே இப்போது
ரெத்தினசுவாமியின் கார் நிற்கிறது.
ஷெட்டில் நாற்காலிகள் அப்படியே கிடக்கின்றன,
அடுத்த கூட்டத்துக்கு.
பொருள் என்னவென்று நேற்று அடித்து வைத்தேன்:
நாய்கள்.
கீழே
எட்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.